குளிர்சாதனப் பெட்டி பழுதானால் ஈரத்துணி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்சாதனப் பெட்டி பழுதாகிக் கிடக்கும் நாட்களில் பாலையும் சமைத்த உணவையும் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும், கெட்டிருக்குமோ என்ற ஐயம் வந்தால் மறுபடி கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்றும் தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் அண்மையில் வந்திருந்தது. முதல் யோசனை பாதி சரி, இரண்டாவது ஆபத்தானது. எங்கள் வீட்டுப் பெட்டியின் கம்ப்ரஸர் நின்றுபோய், மாற்றுப் பாகம் வரும்வரை ஆறு நாட்கள் சமாளித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழுதானதே எங்களுக்கு உடனே தெரியவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறதே, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். வழக்கமாகக் கேட்கும் உறுமல் இல்லை என்பதும், கதவின் ரப்பர் ஓரத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருப்பதும் வெகுநேரம் கழித்தே கண்ணில் பட்டன. அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. குளிர் மீதம் இருக்கிறதா என்று பார்க்க அரைமணிக்கொரு முறை கதவைத் திறந்து, இருந்த குளிரையும் வெளியேற்றினேன். கதவைத் திறக்காமலே விட்டிருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கியிருக்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி அளவே இருந்தால் 24 மணி நேரமும் தாங்கும், ஏனெனில் உறைந்த பொருட்கள் ஒன்றுக்கொன்று பனிக்கட்டியாகவே உதவுகின்றன.

ஈரப்பானை விஷயத்துக்கு வருகிறேன். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் அடிப்படை. நைஜீரியாவைச் சேர்ந்த முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, மின்சாரம் எட்டாத கிராமத்தினரின் காய்கறிகளை வாடாமல் காத்தார். அதற்காக உலகளாவிய விருதும் பெற்றார். ஆனால் அவர் வாழ்ந்த பகுதியின் காற்று வறண்டது. காற்றில் ஈரம் ஏற ஏற நீர் ஆவியாவது குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. எங்கள் பானைக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: வெளியே 31 டிகிரி செல்சியஸ் இருந்த பிற்பகலில் உள்ளே 26. மறுநாள் காற்று புழுக்கமாக இருந்தபோது 28. கீரைக்கும் காய்கறிக்கும் இது போதும். பாலுக்கும் இறைச்சிக்கும் இது குளிர்ச்சியே அல்ல.

ஏனெனில் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் வேகமாகப் பெருகுகின்றன. ஏற்ற வெதுவெதுப்பு கிடைத்தால் சில வகை பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒன்று நான்கு மணி நேரத்தில் நான்காயிரத்தைத் தாண்டும். எளிதில் கெடும் உணவு அந்த வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே என்பதும் இதனால்தான்.

இனி, கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. கொதிநிலை நுண்ணுயிரைக் கொல்லும், ஐயமில்லை. ஆனால் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உணவில் விட்டுச் சென்ற நச்சு கொதிநீரையும் தாங்கும். சமைத்த சோற்றை வெளியில் விட்டுவைத்தால் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும், வாந்தி வரவழைக்கும் நச்சும் அப்படியே. செய்தவன் செத்தாலும் செய்த விஷம் உணவிலேயே இருக்கிறது. மோந்து பார்ப்பதும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதும் உதவாது. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் வேறு, நோயை உண்டாக்கும் கிருமிகள் வேறு. ஐயம் வந்த உணவைக் கொட்டுவதற்கு எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் கொட்டினேன்.

பாலுக்கும் இறைச்சிக்கும் பனிக்கட்டியைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். குளிர்ந்த நீரைவிடப் பனிக்கட்டி இவ்வளவு நேரம் உழைப்பதன் காரணம் அதுதான். பெரிய பாளம் மெதுவாக உருகி நாள் முழுதும் நிற்கும். சிறு துண்டுகள் விரைவில் குளிர்வித்துவிட்டு விரைவில் தீரும். வெப்பம் புகாமல் அடைத்து வைத்தால் பனிக்கட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலே சான்று. ஏற்றியது 180 டன். வெப்பமண்டலக் கடலில் நான்கு மாதங்கள் கழித்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன்.

இதற்காகத் தெர்மாகோல் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். பழுதான குளிர்சாதனப் பெட்டியே வெப்பம் புகாமல் கட்டப்பட்ட அலமாரிதான். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். ஆகவே அகன்ற பாத்திரத்தில் பனிக்கட்டிப் பாளத்தை மேல்தட்டில் வைத்து, பாலை அதற்கு நேர்கீழே வைத்தேன். காலியிடங்களைத் தண்ணீர் நிரம்பிய பாட்டில்களால் அடைத்தேன். காலையும் மாலையும் பாளத்தை மாற்றும் நேரத்தில் மட்டும் கதவைத் திறந்தோம். தெர்மாமீட்டர் முதல் நாள் 9 காட்டியது. தட்டுகளை நிரப்பி, பாளத்தைப் பெரிதாக்கிய பிறகு 4-க்கு இறங்கியது. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் 9 டிகிரியையே போதும் என்று நினைத்திருப்பேன், ஏனெனில் கைக்கு அதுவும் சில்லென்றுதான் இருந்தது. ஃப்ரீசரிலிருந்த இறைச்சியில் பனிப்பொருக்கு இன்னும் தெரிந்ததால் அதை உடனே சமைத்துத் தீர்த்தோம்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயன்படுத்தாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதற்காக அதைப் பனிக்கட்டியின்மேல் வைத்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. திறந்து பயன்படுத்தி வருவதைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்றாலும், அந்த அறை வெப்பம் 25-ஆ 30-ஆ என்பதை மருந்துடன் வரும் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரப்பானை உண்மையில் கைகொடுப்பது இதற்குத்தான்.

ஏழாம் நாள் காலையில் மெக்கானிக் வந்து கம்ப்ரஸரை மாற்றினார். பெட்டி உறுமத் தொடங்கியதும் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிவிடத் தோன்றியது. ஆனால் உள்வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்க இரவாகிவிட்டது. அதுவரை பால் பனிக்கட்டியருகிலேயே இருந்தது. இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது எந்த உணவு, எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி