பல்கலைக்கழக இனப் பாடம்: கட்டாயம் இருக்கட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் இன உறவு, நாகரிகம் என்று கட்டாயமாக வைத்திருக்கும் பொதுப்பாடங்களை எடுத்துவிட வேண்டும், பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நம் பெற்றோர் பலர் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாடம் கட்டாயமாகவே இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதுகிறார்கள் என்றுதான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் பிள்ளைகள் ஏழு வயதிலேயே தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி, சமயப் பள்ளி என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். (இதைச் சொன்னதும் தமிழ்ப்பள்ளியை மூடு என்று யாரும் கிளம்ப வேண்டாம், தாய்மொழிப் பள்ளி நம் உரிமை.) பலருக்குப் பல்கலைக்கழகத்தில்தான் முதல்முறையாக வேறு இனத்தவரோடு ஒரே மேசையில் உட்கார வாய்க்கிறது. அங்கேயும் ஒருவரைப் பற்றி ஒருவர் எதுவும் தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போனால், அப்புறம் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

2006-இல் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். புத்ரா பல்கலைக்கழகம் வெளியிட்ட இன உறவு வழிகாட்டி நூலில், 2001-இல் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் நடந்த கலவரத்துக்கு இந்திய இளைஞர்களே காரணம் என்கிற பாணியில் எழுதியிருந்தார்கள். அந்தக் கலவரத்தில் இறந்த 6 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள்! 1969 மே 13 இனக் கலவரத்துக்கும் பழியை எதிர்க்கட்சி மேல் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றம் வரை சத்தம் போன பிறகுதான் அமைச்சரவை அந்த நூலை மீட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய நூல் வந்தது, 2019-இல் பாடமே பெயர் மாறி 'பெங்ஹாயாத்தான் எத்திக்கா டான் பெராடாபான்' (அறநெறியும் நாகரிகமும் உணர்தல்) ஆனது. கட்டாயப் பாடத்தில் ஒரு வரி பிசகினால் அதை நாட்டின் மாணவர் அத்தனை பேரும் மனப்பாடம் செய்வார்கள். நாம் கண்ணைத் திறந்து வைத்திருக்க இந்த ஒரு காரணம் போதாதா?

என் மகள் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை எடுத்தாள். வகுப்பில் இந்தியர்கள் ரப்பர் மரம் சீவ வந்தார்கள், தீபாவளி கொண்டாடுகிறார்கள், அவ்வளவில் முடிந்தது. ஆனால் குழு இடுபணியில் கிளந்தானைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பையனிடம், தன் கொள்ளுத்தாத்தாவை இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனதையும் அவர் திரும்பி வராததையும் இவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் கம்பத்திலிருந்தும் (கிராமத்திலிருந்தும்) ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றானாம் அந்தப் பையன். 415 கிலோமீட்டர் பாதை, நம் தோட்டத்து மக்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்த இடம், அது அவன் குடும்பத்துக் கதையும்கூட. இப்படிப்பட்ட பேச்சுதான் பாடமாக இருக்க வேண்டும், அவர்களுக்கோ அது பாடத்துக்கு வெளியே கிடைத்தது.

பாடத்தில் வர வேண்டிய கதைகள் இன்னும் உண்டு. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும், தோட்டத்தில் கள்ளுக்கடை வேண்டாம், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று கேட்டவர்கள் மேல் பிரிட்டிஷ் அரசு படையை ஏவியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். 1949-இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை நம் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துச் சீனப் புதுக்கிராமம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியுமா? கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு மக்கள் உதவாதபடி தடுக்க 1950-இல் பிரிட்டிஷார் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், பெரும்பாலும் சீனரான சுமார் 5 லட்சம் பேரை வீடு வாசலோடு பெயர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள், அந்த வேதனை நமக்குப் பெரும்பாலும் தெரியாது. தீபகற்பத்துப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் நிலப் பிரச்சினை, சரவாக்கின் இபான், சபாவின் கடசான் மக்களின் கதை, இதையெல்லாம் நாமும் படித்தாக வேண்டும். அவர்கள் நம்மைப் படிக்கட்டும், நாம் மட்டும் கணக்கும் அறிவியலும் படிப்போம் என்பது நியாயமில்லை.

இன்னொன்று. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பு பூமிபுத்ரா (மலாய், பிற பூர்வகுடி) மாணவர்களுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரிகள் பலவற்றில் பெரும்பாலும் சீனரும் இந்தியரும். இவர்கள் தங்களுக்குள்ளேயே உட்கார்ந்து இன உறவு படித்து என்ன பயன்? பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து இந்த ஒரு பாடத்தையாவது படிக்க ஏற்பாடு செய்யலாமே, பணமும் அதிகம் ஆகாது.

உயர்கல்வி அமைச்சிடம் நான் கேட்பது இதுதான். பாட நூலின் வரைவை அச்சுக்குப் போகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். இந்தியர் பற்றிய பகுதியை எழுத மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையினரைக் கூப்பிடுங்கள், மற்ற இனத்தவர் பகுதிக்கும் அப்படியே. இறுதித் தேர்வுக்குப் பதில், வேறு இனத்துப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து அவர் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். நம் சங்கங்களும் வரைவு வெளிவரும் நாளுக்காகக் காத்திராமல், இப்போது புழக்கத்தில் இருக்கும் நூலை வாங்கி, இந்தியர் பற்றிய பக்கங்களை வரி வரியாகப் படித்து அமைச்சுக்கு எழுத வேண்டும்.

ஒரு தந்தை,
சுங்கை பட்டாணி