புள்ளி உதிராத ஸ்டிக்கர் ஒட்டுங்கள்

லாரிக்கும் குட்டி யானைக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

"தள்ளி வாங்க, தவணை இன்னும் முடியல" என்று பின்கதவில் ஒட்டச் சொல்லும் டிரைவர், அந்த வரியைப் பல நாள் மனசில் வைத்திருந்துதான் உங்களிடம் வருகிறார். அதில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. முதலில் உதிர்வது அவைதான். புள்ளி போனால் "தள்ளி" "தளளி" ஆகிவிடும், சிரிக்க வேண்டியவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார்.

புள்ளி உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டும் மெஷினின் பிளேடு. அது இறங்கும் ஆழம் குறைந்தால், எழுத்தைச் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது புள்ளியும் கூடவே வந்துவிடும். ஆழம் கூடினால் பின்தாளும் கீறப்பட்டு, எழுத்தைத் தாளிலிருந்து எடுத்து வண்டிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப்பில் புள்ளி ஏறாது. ஒவ்வொரு ரோலிலும் முதலில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பாருங்கள்: வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) தனியாக வரவேண்டும், தாளில் மெல்லிய தடம் மட்டும் தெரியவேண்டும். எழுத்து 10 செ.மீ. என்றால் புள்ளி 1.5 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். மெல்லிய ஃபாண்ட் வேண்டாம், ழகர, ணகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வரியை யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்டில் போட்டால் எழுத்துகள் சிதைந்துவிடும். வெட்டுவதற்கு முன் டிரைவரையே ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயின்ட். பட்டறையில் காற்றில் காய்ந்த எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தின்னர் ஆவி இருக்கும். அதன்மேல் ஒட்டினால் கொப்புளம் வரும். மூன்று வாரமாவது விடுங்கள். ஷாம்பு தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது காயும் முன்பே வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். துடைக்கத் தின்னரும் மண்ணெண்ணெயும் வேண்டாம்: தின்னர் பெயின்ட்டை இளக்கும், மண்ணெண்ணெய் பிசுக்கை விட்டுப்போகும்.

உச்சி வெயிலில் ஒட்டாதீர்கள். சூடான தகரத்தில் பசை உடனே பிடித்துக்கொள்ளும், தூக்கித் திருத்த முடியாது. சின்ன எழுத்துகளுக்குத் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், பசை பிடிக்காமல் புள்ளிகள் டேப்போடு திரும்பி வந்துவிடும். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், அதன் மேலேயே மடித்து மெதுவாக உரியுங்கள்.

மடிப்புத் தகரத்தில் உருளையில் அழுத்தித் தயாரிக்கும், விலை குறைந்த காலண்டர்டு வினைலை இழுத்து ஒட்டினால், வெயில் பட்டதும் அது பழைய நிலைக்குச் சுருங்கிப் பள்ளத்திலிருந்து எழும்பிவிடும். அங்கே வார்த்தெடுத்த, அதிகம் சுருங்காத காஸ்ட் வினைல்தான் சரி. விலை கூடுதல் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் மடிப்பில்லாத தட்டையான இடமாகப் பார்த்து ஒட்டிக் கொடுங்கள். ரிவெட் தலையைச் சுற்றி ஊசியால் குத்திக் காற்றை விட்டு, ஹீட் கன் காட்டி அழுத்துங்கள். பலகை இடுக்கில் எழுத்து விழுந்தால் பிளேடால் பிரித்து, இடுக்கின் இரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இது ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறோம். பின்புறம் வெள்ளை ரேடியத்தில், அதாவது ஒளி திருப்பும் ஸ்டிக்கரில், வாசகம் வெட்டாதீர்கள். ஒளி திருப்பும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. இரவில் பின்னால் வருபவர் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கணிக்கிறார். சிவப்புப் பட்டை, டெயில் லைட், நம்பர் பிளேட் ஆகியவற்றின் மேல் ஓர் எழுத்தின் வால்கூட ஏறக்கூடாது. வரி நீளமானால் இரண்டாக மடியுங்கள், இல்லையென்றால் டிரைவரிடம் ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது, இரண்டு நாள் வாட்டர் சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்டிக்கர் ஒட்டும் தொழிலாளர்கள்