பிரான்சின் செர்பூர்கிலிருந்து, அலுமினியப் படகு பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே நாங்கள் நலம். மழைதான் ஓயவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதி வீட்டை விற்றுப் பழைய படகு வாங்கியதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? "அட்லாண்டிக்கைக் கடக்க அலுமினிய டப்பாவா?" என்று கேட்டிருந்தாய். கப்பலிலேயே வாழ்க்கையைக் கழித்த எலக்ட்ரிகல் ஆபீசர் கேட்கிற கேள்வியா இது! சரி, நானும் வெல்டிங் டார்ச்சைப் பிடித்துச் சோறு தின்றவன்தான், பதில் சொல்கிறேன்.

இரும்பின் எடையில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் தகட்டை ஒன்றரை மடங்கு தடிமனாகப் போட்டாலும் படகின் உடல் இரும்பு உடலில் பாதி எடைதான் வரும். 5083 மாதிரி மெக்னீசியம் கலந்த ரகத்தைத்தான் கடலுக்குப் பயன்படுத்துவார்கள். காற்று பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகும், சுரண்டினாலும் மறுபடி உருவாகிவிடும். ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே பெயிண்டே வேண்டாம். அந்தப் பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிறம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, "பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கிறது" என்கிறாள். எனக்கு அதுதான் அழகு. வெல்டிங் வரிசை கண்ணுக்குத் தெரியும், எதையும் மறைக்க முடியாது.

நடுக்கடலில் பயம் அலையைவிட மோதலைப் பற்றித்தான் அதிகம். கப்பலிலிருந்து விழுந்து பாதி மூழ்கி மிதக்கும் கன்டெய்னர், மரக்கட்டை, வடக்கே போனால் பனிக்கட்டி. ஃபைபர் படகு பலமாக இடித்தால் விரிசல் விடும், அடுக்கு பிரியும். நல்ல அலுமினியத் தகடு குழிந்து கொடுக்கும். குழி அசிங்கமாக இருக்கும், ஆனால் தண்ணீர் உள்ளே வராது. இதற்குத்தான் இவ்வளவு விலை.

'தாரா' கப்பலைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1989-இல் ழான்-லூயி எதியேன் என்ற மருத்துவருக்காக பிரான்சில் கட்டியது. 36 மீட்டர், முழுக்க அலுமினியம், இரண்டு பாய்மரம். அடிப்பக்கத்தை உருண்டையாக விட்டிருப்பார்கள். பனி இரு பக்கமும் நெருக்கும்போது நசுங்காமல் மேலே எழும்பிவிட வேண்டும் என்பது கணக்கு. பிறகு நியூசிலாந்துக்காரர் பீட்டர் பிளேக் வாங்கி 'சீமாஸ்டர்' என்று பெயர் மாற்றினார். 2001-இல் அமேசான் முகத்துவாரத்தில் அதன் மேலேயே கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பின்தான் 'தாரா' ஆனது. 2006 செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே வேண்டுமென்றே பனியில் உறைய விட்டு, ஆர்க்டிக்கைக் கடந்து மிதந்து, 2008 ஜனவரியில் கிரீன்லாந்துப் பக்கம் வெளியே வந்தது. அந்தக் கணக்கு பலித்தது.

நம்மவர் படகு அவ்வளவு பெரிதில்லை, 13 மீட்டர். அடித்தகடு 10 மில்லிமீட்டர். அடியில் நீளும் தகடான கீலைத் தூக்கிவிட்டால் ஒரு மீட்டர் சொச்சம் ஆழமே போதும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த அமைப்பின் மேல் ஏன் இத்தனை மோகம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சென்-மாலோ பக்கம் போனால் தெரியும். அங்கே ஓதத்தில் கடல்மட்டம் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும், பல சின்னத் துறைகளில் தண்ணீர் வடிந்து படகுகள் சேற்றில் உட்காரும். ஆழமான கீல் வைத்த படகு அங்கே சாய்ந்துவிடும், தட்டையான அடி கொண்டது நிமிர்ந்து நிற்கும். உலகம் சுற்றும்போதும் இது உதவும். பெயர் தெரியாத தீவில் மணலில் ஏற்றி நிறுத்தி அடியைக் கழுவிக்கொள்ளலாம், கிரேன் தேட வேண்டாம்.

ஆனால் ஒன்று, இது எல்லாவற்றுக்கும் முரட்டுப் படகு, உன் வேலையான மின்சாரத்துக்கு மட்டும் கோழை. புளி கரைத்து அலுமினியச் சட்டியில் வைத்தால் என்ன ஆகும்? கடல் நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அதைவிட மோசம். பில்ஜில், அதாவது படகின் அடிவயிற்றில், ஒரு செப்புக் காசு விழுந்து கிடந்தால் போதும், காலப்போக்கில் அந்த இடத்தில் தகட்டைத் தின்றுவிடும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்ட் கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தடுப்புப் பசை வைக்க வேண்டும். தகட்டுக்குப் பதிலாகத் தாங்கள் அரிபடும் துத்தநாகக் கட்டிகளைக் கரையக் கரைய மாற்ற வேண்டும். மின்சார நெகட்டிவ் உடலைத் தொடவே கூடாது.

இவர்கள் வாங்கிய படகில் முன்பு இருந்த யாரோ ஒரு சார்ஜரைக் கண்டபடி இணைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி போன வழியில் தகடு முழுக்கச் சொறிசொறியாகக் குழி. இரண்டு இடத்தில் வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்தோம். வெல்டிங் நான்தான், கை இன்னும் நடுங்கவில்லை! ஆனால் இந்த ரிப்பேரை எல்லாத் துறையிலும் செய்ய முடியாது. இரும்பென்றால் எந்த மீன்பிடித் துறையிலும் ஒட்டிக் கொடுப்பார்கள். இதற்கு ஆர்கான் வாயு வேண்டும், காற்றடிக்காத இடம் வேண்டும், பழகிய கை வேண்டும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அலுமினியம் இல்லாமல் முடியாது என்று நான் சொல்லவில்லை. கடற்படை அதிகாரிகளான நம்ம புதுச்சேரிப் பெண் ரூபாவும் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் உலகம் சுற்றித் திரும்பினார்களே, அந்த 'தாரிணி' ஃபைபர் படகுதான். தெற்குக் கடலில் அதன் மேல் அடித்த காற்றை நினைத்தால் எனக்கு இங்கே குளிர்கிறது. ஓட்டுகிறவர் கை முதலில், தகடு அப்புறம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜூனில் அட்லாண்டிக் நடுவே உள்ள அசோரஸ் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் உன்னிடம் ஒரு யோசனை வேண்டும். துறையில் கட்டிக் கரை மின்சாரம் எடுக்கும்போது, எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடெல்லாம் இணைந்துவிடுகிறது, மொத்தமும் ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. கரையோடு நேரடிக் கம்பித் தொடர்பே இல்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொன்னேன். எடையும் விலையும் அதிகம், எர்த் கம்பியில் அரிக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் சின்ன கால்வானிக் ஐசொலேட்டர் போதாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். எது சரி, ஏன் என்று விளக்கமாக எழுது. படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது, நான் பிரெஞ்சில் சொல்லிப் புரியவைத்துவிடுவேன்.

அன்புடன்,
இருதயராஜ்