திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் வயல் வெள்ளம் வடிந்துவிட்டதாமே, நிம்மதி.

என் கதை இதுதான். போன வருடம் ஓடர் இல்லையென்று எங்களை நிறுத்திய அதே கார்மெண்ட்ஸ் இப்போது ஆள் எடுக்கிறது. எனக்கும் போன் வந்தது. ஆனால் கம்பனி நேரடியாக இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் ஆள் மூலம். புது ஆளாகத்தான் சேர வேண்டுமாம். ஒன்பது வருடம் லைன் சூப்பர்வைசராக நின்றவன் நான்!

தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பென்று நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி உத்தரவிடலாம்.

"நீங்கள் ஏதாவது கையெழுத்து வைத்தீர்களா?" என்று கேட்டார். வைத்தேனே மச்சான்! 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்று அவர்களே அடித்து வைத்திருந்த தாளில், வாசிக்காமல். கட்டாயத்தில் வாங்கியது என்று தொழில் நியாய சபையில் வாதாடியிருக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் போயிருக்க வேண்டுமாம். நான் போனது நிறுத்தி எட்டாவது மாதத்தில். அந்த நேரம் அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சல், உனக்குத் தெரியும்தானே.

உன் மருமகன் சொன்ன இந்தியச் சட்டத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953லேயே 25எச் என்று ஒரு பிரிவு சேர்த்து, ஆட்குறைப்பில் போனவர்களுக்கே மீண்டும் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு வந்திருப்பது முன்னுரிமையில்லை, மலிவு விலை.

பழைய பணிக்கொடையைத் தந்துவிட்டார்கள், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் புதிதாகச் சேர்ந்தால் அதற்கு மறுபடி ஐந்து வருடம் நிற்க வேண்டும். இப்போதே 47. கண் வேறு மங்குகிறது.

மனுசி கிடைத்த வேலையை விடாதே என்கிறாள். அவள் சொல்வதும் பிழையில்லை, வீட்டில் அரிசி அவள் தையல் காசில்தான் வருகிறது. நான் திங்கட்கிழமை போய், கம்பனியின் பெயரில், பழைய பதவியோடு நியமனக் கடிதம் கேட்கப்போகிறேன். தராவிட்டால் மறுகா யோசிப்போம். இந்த முறை எந்தத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் வாசிப்பேன்.

மருமகனிடம் அந்த நியமனக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டுமென்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் எடு. வரும்போது எருமைத் தயிர் ஒரு சட்டி மறக்காதே.

உன்,
கல்லடி மச்சான்