கறுப்பு டேப்புக்குப் பின்னால் எரிந்த விளக்கு

ரங்கூன்,
ஆவணி 12

அன்புள்ள ராமு,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ சேர்த்து வைத்திருக்கும் வசவுகளை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருப்பேன் என்பது உனக்கும் தெரியும். போன வாரம் நீ அனுப்பிய குரல்செய்தியின் கடைசியில், மகன் வாங்கிக் கொடுத்த காரில் ஏதோ மஞ்சள் விளக்கு எரிகிறது, ஹெட்லைட் படத்துக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக அம்புக்குறி போட்டிருக்கிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த விளக்கைப் பற்றி நான் யாரிடமும் முழுமையாகச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பழைய ஜப்பான் வண்டியிலும் அதே விளக்குத்தான் எரிந்தது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், பின்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றுவதற்காக ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். எங்கள் சந்தின் பள்ளங்களை நீ மறந்திருக்க மாட்டாய். அடிப்பாகம் இடிக்காமல் இருக்கட்டும் என்று ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ரப்பர் கட்டையையும் வைத்து, வண்டியின் பின்புறத்தை மூன்று சென்டிமீட்டர் தூக்கிக் கொடுத்தார்கள். நான்கே நாளில் மஞ்சள் விளக்கு வந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அது சும்மா பயமுறுத்துகிற விளக்கு, சயா (ஐயா)" என்று அந்தப் பையன் ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து நீட்டினான். அதை வாங்கி, என் கையாலேயே, விளக்கு தெரியாதபடி டேஷ்போர்டில் ஒட்டினேன். முப்பது ஆண்டு தொலைபேசி அலுவலகத்தில் பழுது பார்த்தவன் செய்கிற காரியமா இது? எந்தப் பழுதிலும் முதலில் எர்த்தை, அதாவது தரையிணைப்புக் கம்பியை, பார்க்கச் சொல்லும் எர்த் ஐயா இருந்திருந்தால் அந்த டேப்பை என் வாயில் ஒட்டியிருப்பார்.

அந்த விளக்கு எதற்காக இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் காலத்து ஹாலஜன் பல்பு 55 வாட் எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 1500 லூமன் வெளிச்சம் தரும். என் வண்டியில் இருக்கும் ஜெனான் விளக்கு 35 வாட்டிலேயே 3200 லூமன் தருகிறது. இவ்வளவு வெளிச்சம் எதிரில் வருகிறவன் கண்ணில் நேராக விழுந்தால் என்ன ஆகும் என்பதால், 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் விளக்குகளுக்குத் தானாகச் சமன் செய்யும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் வாகன ஒழுங்குமுறை 48 விதித்திருந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்கு மேலே, வண்டியின் உடம்போடு ஒரு சிறிய சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். அதன் நெம்புகோலையும் கீழே உள்ள கையையும் ஒரு விரல் நீளக் கம்பி இணைக்கும். டிக்கியில் பாரம் ஏறிப் பின்புறம் இறங்கினால் நெம்புகோல் திரும்பும், அதன் வோல்டேஜ் மாறும், அதைப் பார்த்து விளக்குக்குள் இருக்கும் சிறிய மோட்டார்கள் வெளிச்சத்தைக் கீழே இறக்கும். சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டதும் வெளிச்சம் ஒருமுறை தாழ்ந்து பிறகு நிமிருமே, அந்தக் கும்பிடு கூட இந்த மோட்டார்கள் போடுவதுதான். என் வண்டி கும்பிடுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்குக் கோயிலில் கஞ்சி ஊற்றுவதற்காகப் பெகு ஊரிலிருந்து அரிசி கொண்டுவரும் பொறுப்பை இந்த ஆண்டும் என் தலையில்தான் கட்டினார்கள். டிக்கியில் நான்கு மூட்டை, பின்சீட்டில் இரண்டு மூட்டை. புறப்படும்போதே இருட்டிவிட்டது, தூறலும் இருந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒருவர் விடாமல் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தானே வருகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று அலுத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு வளைவு தாண்டியதும் எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவன் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த கணம் வண்டி சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் சரிந்தது. நான் நிறுத்தி ஓடியபோது, அந்தப் பெண்ணின் கூடையிலிருந்து விழுந்த சுரைக்காய் ஒன்று என் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையின் குறுக்கே மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு முழங்காலில் மூன்று தையல். நானே அழைத்துப் போய்த் தையல் போட வைத்து, வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ராமு, அவன் என்னைத் திட்டவில்லை. "ஏன் பிரைட்டில் வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான். டிம்தான் என்றேன். நம்பாமல் நொண்டிக்கொண்டே வந்து, கதவுக்குள் தலையை நீட்டி ஸ்விட்சைப் பார்த்தான். அது டிம்மில்தான் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். ஸ்விட்சுக்கு ஒரு சாண் மேலே அந்தக் கறுப்பு டேப் இருந்ததை அவன் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது.

அன்று இரவே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.7 மீட்டர். பாரத்தால் பின்புறம் 5 சென்டிமீட்டர் இறங்கினால் வண்டி ஏறத்தாழ ஒரு டிகிரி அண்ணாந்துவிடும். ஒரு டிகிரிதானே என்று தோன்றும். 50 மீட்டர் தொலைவில் அது 90 சென்டிமீட்டர். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் வெளிச்சம், 100-க்கு 1 என்ற சரிவில், அந்தத் தொலைவில் முழங்காலுக்கும் கீழே, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அன்று அது ஒரு மீட்டருக்கு மேலே ஏறி அவன் முகத்தில் அடித்திருக்கிறது.

மறுநாள் காலையில் டேப்பைப் பிய்த்தேன். பழுது தேடிய கதை உனக்குச் சிரிப்பு மூட்டும், சிரித்துக்கொள். முதலில் மாப்பிள்ளையிடம் இருந்த சின்ன ஸ்கேனரை மாட்டினேன். பழுது எதுவும் இல்லை என்றது. அது இன்ஜின் கோளாறுகளை மட்டும் படிக்கும் கருவி, விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு அதற்குப் பேசத் தெரியாது. பிறகு நல்ல ஸ்கேனர் வைத்திருந்த ஓர் எலக்ட்ரீஷியனிடம் போனேன். பின்பக்க உயர சென்சாரின் சிக்னல் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அது காட்டியது. சென்சார் போய்விட்டது என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். பழைய உதிரிபாகச் சந்தையில் அரைமாதப் பென்ஷனைக் கொடுத்து இன்னொரு சென்சார் வாங்கி, அவரையே மாட்டச் சொன்னேன். விளக்கு அணையவில்லை. இணைப்புக் கம்பியின் முனை தளர்ந்திருக்கிறது என்று அவர் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவிட்டாராம். வீட்டுக்கு வரும் வழியில் முதல் பள்ளத்திலேயே அது கழன்றுவிட்டது.

அப்போதுதான் "முதலில் எர்த்தைப் பாருடா" என்ற எர்த் ஐயாவின் குரல் என் காதில் விழுந்தது. கழற்றிய பழைய சென்சாரைச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். கைப்பேசி சார்ஜரின் ஒயரை வெட்டினால் 5 வோல்ட் கிடைக்கும், சென்சாருக்கும் அவ்வளவுதான் வேண்டும். மூன்று முனைகளில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் எர்த், மூன்றாவதில் மீட்டரை வைத்து நெம்புகோலை நகத்தால் மெதுவாகத் தள்ளினேன். அரை வோல்ட்டில் தொடங்கிய எண் எங்கும் குதிக்காமல், எங்கும் நின்றுபோகாமல், படிப்படியாக ஏறி நாலரையில் போய் நின்றது. செத்துவிட்டது என்று நான் கழற்றி எறிந்த சென்சார் என்னைவிட நல்ல உடல்நிலையில் இருந்தது. மீனாட்சி சாதத்தோடு வந்து நின்று, அரைமாதப் பென்ஷன் எங்கே என்று கேட்டாள். அந்த உரையாடலை உனக்கு எழுதப் போவதில்லை.

பின்சக்கரத்தின் அடியில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நெம்புகோல் தனியே கீழே தொங்கியது. கம்பி தனியே, அறுந்த பல்லிவால் மாதிரி கையின் மேல் கிடந்து ஆடியது. கம்பியின் முனையில் சுண்டைக்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் உண்டு, நெம்புகோலின் குமிழ் அதற்குள்தான் உட்கார வேண்டும். ரப்பர் கட்டை வைத்து வண்டியைத் தூக்கியதும் கம்பியின் நீளம் போதாமல் இழுபட்டு, அந்தக் கிண்ணத்தின் வாய் விரிந்து, குமிழ் வெளியே வந்துவிட்டது. தொங்கும் நெம்புகோல் எல்லை தாண்டிய வோல்டேஜைச் சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நம்பாமல் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, மோட்டார்களை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. சில வண்டிகளில் இப்படி நேர்ந்தால் வெளிச்சம் கீழே இறங்கி நிற்குமாம்; என் வண்டியில் காலி வண்டிக்குரிய உயரத்திலேயே நின்றது. ஆறு மூட்டை அரிசி ஏறியது அதற்குத் தெரியவே தெரியாது.

ரப்பர் கட்டைகளை எடுத்துவிட்டேன். சந்தில் அடிப்பாகம் இடிக்கிறது, இடிக்கட்டும். புதுக் கம்பி போட்டேன். அதற்குப் பிறகும் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருந்தது என் வயிற்றைக் கலக்கியது. சென்சாரையோ ஸ்பிரிங்கையோ தொட்டால், சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, இதுதான் உன் இயல்பான உயரம் என்று ஸ்கேனர் வழியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கோயில் கல்யாண மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் அதைச் செய்தோம். விளக்கு அணைந்தது.

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மாலை மின்வெட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக மின்வெட்டுக்கு நன்றி சொன்னேன். மண்டபச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். வெளிச்சத்தின் விளிம்பு கோட்டில் வந்து உட்கார்ந்தது. பேரனையும் அவன் பந்து விளையாடும் தோழர்கள் நால்வரையும் டிக்கியின் விளிம்பில் ஏறி உட்காரச் சொன்னேன். விளிம்பு நான்கு விரல் மேலே எழும்பியது. பையன்கள் கத்தினார்கள். விளக்குக்குள்ளிருந்து, கரப்பான் காகிதத்தில் ஓடுவது போல மெல்லிய கிர் ஒலி வந்தது. வெளிச்சம் இறங்கி மறுபடி கோட்டில் வந்து நின்றது. இறங்குங்கள், ஏறுங்கள் என்று ஏழெட்டு முறை அதையே செய்து பார்த்தேன்.

அந்தச் சுவரில் இன்னொன்றையும் கண்டேன், அது இன்னும் தீரவில்லை. விளிம்பு ஒரே மட்டமாக இல்லாமல் இடப்பக்கம் மேலே ஏறுகிறது. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடப்பக்க ஓரத்தைக் காட்டுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பர்மாவில் நாமோ 1970 டிசம்பர் 6-ஆம் தேதி ஒரே நாளில் வலப்பக்கம் மாறியவர்கள். உன் அப்பாவின் பஸ் கதவு அன்று நடுவீதியைப் பார்த்துத் திறந்ததையும், கூடைக்காரப் பாட்டி இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டதையும் நீ ஆயிரம் முறை நடித்துக் காட்டியிருக்கிறாய். அந்தக் கதவின் கதைதான் இன்று என் விளக்கின் கதை: ஓரத்துக்குப் போக வேண்டிய கூடுதல் வெளிச்சம் எதிரே வருகிறவனுக்குப் போகிறது. ஊரில் ஓடும் ஜப்பான் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். வலப்பக்கப் போக்குவரத்துக்கான ஜெனான் விளக்கு ஜோடி என் மாடலுக்கு இதுவரை கிடைக்கவில்லை. இப்போதைக்குத் திருகாணியைத் திருப்பிச் சரிவை 100-க்கு ஒன்றரையாக இறக்கி வைத்திருக்கிறேன். இதனால் 65 மீட்டர் வரை எட்டிய வெளிச்சம் 43 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடுகிறது, ஆகவே இரவில் முப்பது மைலுக்கு மேல் போவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்.

உன் திருச்சியில் இந்த இடவலத் தொல்லை இல்லை, ஆனால் மற்றதெல்லாம் உனக்கும் பொருந்தும். உன்னுடையது எல்இடி என்றாலும் ஏற்பாடு ஏறத்தாழ இதேதான். முன் சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கலாம். யாராவது சென்சார் வாங்கச் சொன்னால் உடனே வாங்காதே. முதலில் அடியில் குனிந்து கம்பி இரண்டு முனையிலும் மாட்டியிருக்கிறதா என்று பார், பிறகு கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார், பிறகு எர்த்தைப் பார். அண்மையில் டயர் கடையிலோ பட்டறையிலோ பின்பக்கத்தைத் தொட்டார்களா என்றும் மகனிடம் கேள். சரியாகும் வரை இரவில் பேரப்பிள்ளைகளைப் பின்சீட்டில் நிறைத்துக்கொண்டு சமயபுரம் போகாதே. போனால் நான் தங்கச்சிக்குத் தனியாகக் கடிதம் எழுதுவேன்.

முழங்கால் தையல் பிரித்தாகிவிட்டது என்று அவன் தொலைபேசியில் சொன்னான். டேப்பைப் பற்றி அவனிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பெகு போகிறேன், பகலில். நீ என்ன நினைக்கிறாய் என்று அதற்குள் ஒரு வரி எழுது, அப்படியே உன் டேஷ்போர்டைப் படம் எடுத்து அனுப்பு.

உன் அன்புள்ள,
சோமு