நிதியை நிறுத்தினால் போதுமா?

ஆசிரியருக்கு,

கிருமிகளை மேலும் அபாயகரமாக்கக்கூடிய ஆய்வுகள் சீனா போன்ற நாடுகளிலும், போதிய கண்காணிப்பு இல்லாத பிற நாடுகளிலும் நடந்தால் அவற்றுக்கு நிதியை நிறுத்தும் அமெரிக்க அதிபரின் 2025 மே மாத ஆணை பற்றிய தலையங்கம் படித்தேன். நிறுத்துவது எளிது, ஆனால் வெளிநாட்டு ஆய்வகங்களில் கண்காணிப்புதான் சரியாக நடக்கவில்லை. ஓர் உதாரணம்: அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணம் ஈகோஹெல்த் அலையன்ஸ் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாகச் சீனாவின் வூஹான் வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. அந்தத் தொண்டு நிறுவனத்திடமிருந்து 2019 செப்டம்பரில் வர வேண்டிய ஆண்டறிக்கை 2021 ஆகஸ்டில்தான் வந்தது. பணம் கை மாறியபோது பொறுப்பும் கை நழுவிவிட்டது.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காசநோய் ஆய்வகமொன்றில் நுட்பநராக இருந்தபோது பார்த்தேன். சளி மாதிரிகளைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டியின்மேல் அவ்வாண்டுச் சான்றிதழ் பளிச்சென்று ஒட்டியிருந்தது. சந்தேகப்பட்டு அதன் வாயிலில் ஊதுவத்தியைக் காட்டினோம். உள்ளே இழுக்கப்பட வேண்டிய புகை எங்கள் முகத்துக்கே வந்தது! ஆகவே, முன்னறிவிப்பின்றி ஆய்வகத்துக்குள் சென்று சோதிக்கும் உரிமையையும், ஆய்வுக் குறிப்பேடுகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையையும் நிதி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அறிக்கை தாமதமானால் அடுத்த தவணை தானாகவே நிற்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
மதுரை