அடிதடி முறைப்பாடு: முதல் நாளில் தவறுபவை

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் அடிபட்டவர்கள் பலர் பொலிஸில் ஒரு என்ட்ரி போட்டதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வழக்கு படுத்துவிட்ட பிறகு நீதிமன்றத்தை நொந்து பயனில்லை. கோளாறு பெரும்பாலும் முதல் நாளிலேயே நடந்திருக்கும்.

முதலில் காயம். பொலிஸார் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்துடன் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நேரே வைத்தியசாலைக்குப் போனாலும் அங்குள்ள பொலிஸ் காவலரணில் அந்தப் படிவத்தைப் பெறலாம். ஆனால் ‘அடித்தார்கள்’ என்று வாய் திறந்து சொல்லவேண்டும். வெட்கத்துக்கோ பயத்துக்கோ ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லி மருந்து கட்டினால், வைத்தியசாலைத் துண்டில் அதுதான் எழுதப்படும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிறகு தூக்கிக் காட்டப்போவதும் அந்தத் துண்டைத்தான்.

எலும்போ பல்லோ உடைந்தால், அல்லது 20 நாட்கள் வழமையான வேலை செய்யமுடியாமற் போனால், அது பாரதூரமான காயம். தண்டனைச் சட்டக்கோவையின் 316ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு. சாதாரண காயத்துக்கு 314ஆம் பிரிவு. கூடியது 1 வருடம். அது அநேகமாக இரு தரப்பையும் பேசிச் சமாதானப்படுத்தும் இணக்க சபைக்குத்தான் போகும். அங்கே கட்டாயம் சமாதானமாக வேண்டும் என்றில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்று வழக்கைத் தொடரலாம். நாட்டுவைத்தியம் பார்த்துவிட்டு நாலு நாள் கழித்து வைத்தியசாலைக்குப் போனால் வீக்கம் வற்றிவிடும், கண்டல் மங்கிவிடும். வைத்தியர் எதை எழுதுவார்? இரத்தம் பட்ட உடுப்பைத் தோய்க்காமல், நிழலில் உலரவிட்டு, கடதாசிப் பையில் வைத்துக் கொடுங்கள். சொப்பிங் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அடுத்தது வாக்குமூலம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையொப்பம் வாங்கவேண்டும். தமிழில் எழுத ஆளில்லை என்றால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கையொப்பம் வைத்தால், யார் எதனால் அடித்தது என்ற ஒரு வரி மாறியிருந்தாலும் குறுக்கு விசாரணையில் முரண்பாடாக நிற்கும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

அடித்தவர் மறுநாளே பிணையில் வந்து ஊருக்குள் நடமாடினால் வழக்கு முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. 314ஆம் பிரிவின் சாதாரண காயம் பிணை கொடுக்கத்தக்க குற்றம். அவர் மிரட்டினால் அதைத் தனி முறைப்பாடாகப் போடுங்கள். சாட்சியை மிரட்டுவது வேறொரு குற்றம்.

அடிதடி நடப்பது பெரும்பாலும் இரவில். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சனம் அந்நேரம் நிலையத்துக்கு வந்து சேருவதே பெரும்பாடு. வன்னியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் இரவுக் கடமையில் தமிழ் எழுதத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரையாவது நிறுத்தும்படி பொலிஸ் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

வன்னி வாசகர்கள்